வாசல் தெளிக்கிற கை

எங்கே இருக்கிறாயோ, அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டிய என் பூங்காவனத்துக்கு,

மேலே இருக்கிற உன் பெயரை நான்தான் எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. பார், கோட்டைத் தாண்டாமல் எப்படி உட்கார்ந்திருக்கிறது! எழுதி முடித்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தேன். கிட்ட வந்து பார்த்தேன். போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை பார்த்தேன். அப்போதும் அது உன் பெயராகவே இருந்தது.

இந்த வயதில் நான் எழுதப் படித்தேன் என்றால் நீ நம்புவாயா? "யோவ், உனக்கு இன்னா, கிறுக்கு புடிச்சிக்கிச்சா?" என்பாய். நம் தெருக் கோடியில் கோவிந்தன் என்று ஒருவன் இருக்கிறான். நீ போன பிறகு இந்த ஊரில் பெண் எடுத்தவன். புதுச்சேரி மில்லில் வேலை பார்த்துவிட்டு இங்கேயே வந்து தங்கிவிட்டான். பொழுது சாய்வதற்கு முன்னால் வேப்ப மரத்தடியில் பெரிய ஆட்களைக் கூட்டி உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறான். அந்தக் கூட்டத்தில் நான்தான் கிழவன். என்னைவிடச் சின்னவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. சாயங்காலம் எனக்கு வேறு யார் காத்திருக்கிறார்கள்?

முதல் நாளே உன் பெயரை எழுதக் காட்டச் சொன்னேன். கோவிந்தன் சிரித்தான்.

"பெரியவரே, எல்லாரும் கையெழுத்து போட கத்துக்கத்தான் வர்றாங்க. நீ இன்னாத்துக்கு பொண்டாட்டி பேர கேக்கற?"

"கையெழுத்து போடற கைய அவதான்பா குடுத்தா" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. சொல்லச் சொன்னான். எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. "அப்ப எழுதிக் குடு, மரத்தடியில எல்லாருக்கும் நான் படிச்சிக் காட்டறேன்" என்று நாலு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். அதனால்தான் இந்தக் கடிதம். நீ இருந்து பார்த்ததையே உனக்கு விளக்கிச் சொல்கிறேனே என்று நினைக்காதே. மரத்தடியில் இருக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும்.

அது தை மாதம். பண்ணையில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெட்டிய கரும்பைக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து, வாய்க்காலைத் தாண்டி, வெல்லம் காய்ச்சுகிற ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒற்றைப் பனைமரத்தைப் போட்டிருந்தார்கள். விடிகாலைப் பனியில் மரம் சோப்புப் போட்டதுபோல் இருந்தது. கால் வழுக்கியது. கரும்புக் கட்டு தண்ணீரில் விழுந்தது. நான் அக்கரைக் கல்லின்மேல் வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டுக்குள் ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அது என் ஒருவன் காதுக்குத்தான் கேட்டது.

உச்சிப் பொழுதுக்குள் மணிக்கட்டு பலாக்கொட்டை போட்டு மூடியது மாதிரி வீங்கிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் சுளுக்கு என்றார்கள். கூடவே சிரித்தார்கள். "உனக்கு இன்னா கவல கண்ணுசாமி! ஊருக்கே சுளுக்கு எடுக்கறவள வூட்டுல வச்சிக்கினு கீற!"

இரட்டைப் பிள்ளை பெற்றவள் எண்ணெய் போட்டு வழித்துவிட்டால் சுளுக்கு இறங்கும் என்பது நம் பக்கத்தில் எல்லாரும் நம்புவது. நமக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. முதலில் மகன், அவன் அழுகை அடங்குவதற்குள் மகள். தவழ்கிற வயதில் ஆத்தா வந்தாள், அம்மை வார்த்தது. அண்ணன் போனான். பின்னாலேயே தங்கையும் போனாள். அதற்குப் பிறகு உன் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. ஆனால் உன் கைக்கு வந்த பெயர் மட்டும் போகவில்லை. கழுத்துப் பிடித்துக்கொண்டவன், இடுப்புப் பிடித்துக்கொண்டவள், மாடு இழுத்துக் கால் பிசகியவன், எல்லாரும் நம் வாசலுக்குத்தான் வந்தார்கள்.

"ரெட்டப்புள்ளகாரி கீறாளா?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். அந்தக் குரல் கேட்டதும் நீ கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வருவாய். அந்த நேரத்தில் உன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். செத்துப்போன குழந்தைகளின் பெயரை ஊரில் யார் சொல்வார்கள்? நாம் இரண்டு பேருமே வீட்டுக்குள் சொல்வதில்லை. அந்த ஒரு கூப்பாட்டில்தான் குழந்தைகள் இரண்டும் இருந்தன.

என் கையையும் நீ வழித்தாய். விளக்கெண்ணெயைச் சூடு காட்டி, கிழக்கே பார்த்து உட்கார வைத்து, கட்டை விரலால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அழுத்தி இழுத்தாய். கடைசியில் ஒவ்வொரு விரலாகப் பிடித்துச் சொடக்கு வருகிற மாதிரி வெடுக்கென்று இழுத்தாய். எனக்குக் கண் இருட்டியது.

"பல்ல கடிச்சிக்கயா. கெட்ட நீரு எறங்க வேணாமா?"

"எறங்கறது நீரு இல்லடி, என் உசுரு."

"ஆம்பள மாதிரி இரு. பச்சப் புள்ளைங்க கூட இப்பிடி கத்துனதில்ல."

தினமும் காலையில் இப்படி நடந்தது. தை போய் மாசி வந்தது. வீக்கம் கொஞ்சம் வடிந்தது, வலி வடியவில்லை. சோற்றை உருட்டி எடுத்தால் வாய்க்கு வருவதற்குள் உருண்டை கீழே விழுந்தது. கதவுத் தாழை விலக்க முடியவில்லை. நீ இன்னும் அழுத்தி வழித்தாய். ஊர் முழுக்கச் சுளுக்கு இறங்கிய கையில் சொந்தப் புருஷனுக்கு இறங்கவில்லை என்பது உனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் அப்போது கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பண்ணைக் காரியக்காரர் வாசலுக்கு வந்தார். என் கையைப் பார்க்கக்கூட இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆடி நடவு வரைக்கும் பாக்கறேன் கண்ணுசாமி. அப்பவும் கை வரலேன்னா வேற ஆள வச்சிக்கணும். வர்ற ஆளுக்கு வூடு வேணும் இல்ல? நான் சொல்லல. பண்ண சொல்லுது."

வீடு பண்ணையின் மனையில் இருந்தது. பண்ணைக்கு உழைக்கிற வரைக்கும்தான் அதில் இருக்கலாம். என் வலது கை திரும்பினால் நமக்குக் கூரை உண்டு. திரும்பாவிட்டால் இரண்டு சட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த ரோட்டில் போய் நிற்பது?

கை வலிக்கிறது. இன்றைக்கு இவ்வளவு போதும்.

நேற்று அந்த இடத்தில் நிறுத்தினேன். ஒரு பக்கம் எழுத இரண்டு காலை ஆகிறது. ஆனால் அவசரம் இல்லை, நீ எங்கே போய்விடப் போகிறாய்?

காரியக்காரர் போன மறுநாள் நீ என்னைக் கூட்டிக்கொண்டு பாகூருக்கு நடந்தாய். அங்கே கொம்யூன் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்ட ஒரு ஐயா இருந்தார். கட்டுக் கட்டுகிறவர். அவர் என் மணிக்கட்டின் மேல்பக்கத்தில் நடுவிலே ஒரு பள்ளத்தைத் தேடி, அங்கே ஒரு விரலை வைத்தார். நான் துள்ளி எழுந்தேன். பிறகு தன் இரண்டு விரலை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்.

"பிடிய்யா."

"புடிச்சிக்கினுதான் கீறேன் சாமி."

"இதுவா பிடி? ஈ உக்காந்த மாதிரி இருக்கு."

அவர் சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம். "எலும்பு முறியல. மணிக்கட்டுக்குள்ள சின்னச் சின்ன எலும்பா எட்டு இருக்கு. அதுங்கள ஒண்ணோட ஒண்ணு சேத்துப் பிடிக்கிறதுக்கு நார் இருக்கு. அதுல ஒண்ணு கிழிஞ்சிருக்கு. இது சுளுக்கு இல்ல."

"அறுக்கணுமா சாமி?" என்று நீதான் கேட்டாய்.

"கத்தி வேணாம். நார் முழுசா போன மாதிரி தெரியல. அசையாம வச்சா பிடிச்சிக்கும். ஆனா இது விழுந்ததுல ஆன காயம் மட்டும் இல்லியே. யார் இத இப்படி இழுத்தது?"

நான் தரையைப் பார்த்தேன். நீ பேசாமல் இருந்திருக்கலாம். ஊர்ப்பேர் தெரியாத ஒருத்தி வழித்தாள் என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான் சாமி. ரெட்டப்புள்ள பெத்தவ."

அவர் சிரிக்கவும் இல்லை, வையவும் இல்லை. "பிரிஞ்ச கயித்த பிடிச்சி இழுத்தா இன்னும்தானே பிரியும்? இனிமே தொடாத அம்மா. தொடாம இருக்கறதுதான் இதுக்கு மருந்து" என்றார். உள்ளங்கையிலிருந்து முழங்கைக்குப் பாதி வரைக்கும் மெல்லிய பலகை வைத்துத் துணியால் கட்டினார். விரல்களை வெளியே விட்டுவிட்டார். "விரல மடக்கி மடக்கி விரிக்கணும். மணிக்கட்டு மட்டும் அசையக் கூடாது. படுக்கும்போது கைய தூக்கி வச்சிக்கோ. ரெண்டு அமாவாசை போனதும் வா."

திரும்பி வரும்போது ஏரிக்கரை வழியாக நடந்தோம். வெயில் ஏறிவிட்டது. ஏரியில் தண்ணீர் பாதிக்கும் கீழே போயிருந்தது. கரை முடிகிற இடத்தில் நின்றாய்.

"அப்ப மத்தவங்களுக்கு எறங்குனதெல்லாம்? நான் வழிச்சதால எறங்குச்சா, நான் வழிச்சும் எறங்குச்சா?"

எனக்கு என்ன தெரியும்?

"இன்னும் எத்தினி பேர் கைய கெடுத்தேனோ" என்றாய். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாய். அன்றைக்கு உன் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தேன்.

நம் அடுத்த வீட்டுத் தனபாக்கியத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அவள் நாக்கை யார் மறப்பார்கள்? அந்த வாரமே அவள் வந்தாள்.

"ரெட்டப்புள்ளகாரி, எங்க வூட்டுக்காரரு வரப்புல கால் பிசகிக்கினாரு. வந்து செத்த வழிச்சி வுடு."

"நான் இனிமே வழிக்கறதில்ல தனபாக்கியம். துணிய சுத்தி, கால தூக்கி வச்சி, ரெண்டு நாள் படுத்துக் கெடக்க சொல்லு."

"ஏன்டி, புருஷனுக்கு மட்டும்தான் வழிப்பியா?"

"அவருக்கு வழிச்சிதான் கை போச்சி."

"அப்ப உன் கைல கீறது போயிட்ச்சின்னு சொல்லு."

"போவல. கைல எப்பவும் ஒண்ணும் இருந்ததில்ல."

அதைக் கேட்டுத் தனபாக்கியம் இரண்டு அடி பின்னால் போனாள். "ஆத்தா ரெண்டு புள்ளைய எடுத்துக்கினு இத ஒண்ண உனக்கு வச்சிட்டுப் போனா. அதையும் இல்லன்ற. நல்லா இருப்பியாடி நீ?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நீ உள்ளே வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தாய். இரண்டு உள்ளங்கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதும் விளக்கெண்ணெய் வாசம் அந்தக் கையை விட்டுப் போகவில்லை. என்னைப் பார்க்காமலே சொன்னாய்.

"அதுங்க ரெண்டும் இன்னிக்குதான் போன மாதிரி கீதுயா."

அதற்குப் பிறகு நம் வாசலில் அந்தக் கூப்பாடு கேட்கவில்லை. வந்தவர்களிடம் எல்லாம் அதையே சொன்னாய். ஒருவர் இரண்டு பேர் கெஞ்சினார்கள், ஒருவர் இரண்டு பேர் வைதார்கள், பிறகு யாரும் வரவில்லை. பூங்காவனம் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சிலர் அதுவும் கூப்பிடவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒருவர் கழுத்தை வழித்துவிட்டு அந்தப் பெயரை நீ வைத்துக்கொண்டிருக்கலாம். ஏன் செய்யவில்லை? என் ஒரு கைக்காக அதைக் கொடுத்தாயா, இல்லை கெட்டுப்போயிருக்கும் என்று நீ பயந்த அத்தனை கைகளுக்காகவா? இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு அமாவாசை போய் ஐயா பலகையை அவிழ்த்தபோது மணிக்கட்டு எனக்கே அடையாளம் தெரியவில்லை. குச்சி மாதிரி இளைத்து, மடங்காமல், தோல் உரிந்து கிடந்தது. அவர் மெதுவாக ஆட்டிக் காட்டினார். "இப்ப கொஞ்சம் கொஞ்சமா அசைக்கணும். நேரா மேலயும் கீழயும் மடக்காத. சாய்வா வீசு. தண்ணிய எடுத்துத் தெளிக்கிற வாட்டம். அந்த வாட்டத்துல நாருக்கு இழுப்பு கம்மி."

"வாசல் தெளிக்கிற மாதிரியா சாமி?" என்றாய்.

"அதேதான்."

மாசிக்குப் பிறகு நீ சிரித்தது அன்றைக்குத்தான். மறுநாள் விடியலில் சாணித் தண்ணீர் கரைத்த வாளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய்.

"தெளி."

"நானா? ஆம்பள வாசல் தெளிச்சா ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு இன்னா சொன்னா உனக்கின்னா? தெளியா."

முதல் சில நாள் வெறுங்கையால் வீசச் சொன்னாய். பிறகு இரண்டு விரலில் நனைத்து, பிறகு ஒரு கை அள்ளி. தண்ணீர் வாசலில் விழாமல் என் வேட்டியில்தான் விழுந்தது. தனபாக்கியம் தன் வாசலில் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, அப்பிடியே கோலத்தையும் போட்டுட்டு வா. புள்ளி வச்சி தரட்டா?"

"கோலம் எதுக்கு? உன் மூஞ்சிய பாத்தாலே வாசல் நெறஞ்சிபோவும்" என்று நான் சொன்னேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாய்.

தண்ணீர் தெளித்த பிறகு, வெந்நீரில் கையை வைத்து உள்ளேயே கந்தல் துணியைப் பிடித்துப் பிழிய வேண்டும். பிறகு உள்ளங்கைமேல் தட்டை வைத்து, அதில் ஒரு எலுமிச்சம்பழத்தை விட்டு, உருண்டு விழாமல் சமாளிக்க வேண்டும். கையைத் தாங்க மணிக்கட்டு மறந்துபோயிருக்கும், அதற்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்று ஐயா சொல்லியிருந்தார். பழம் விழும். நீ எடுத்து வைப்பாய். மறுபடி விழும். மறுபடி வைப்பாய். ஒரு முறைகூட நீ சலித்துக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. பல்லைக் கடித்துக்கொள் என்று சொன்ன நீயே இப்போது வேறு பாட்டுப் பாடினாய். "வலிக்குதா? நிறுத்து. வலிய தாண்டிப் போவாத. நாளைக்கு பாத்துக்கலாம்."

வைகாசியில் சோறு உருட்டி வாய்க்குக் கொண்டுபோனேன். வைகாசி முடிவதற்குள் கதவுத் தாழ் விலகியது. தட்டில் பழம் நின்றது. பாரம் மட்டும் ஆடி பிறக்கிற வரைக்கும் தூக்கக் கூடாது என்று ஐயா சொல்லியிருந்தார்.

ஆனியில் வாய்க்கால் வறண்டு குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. அதே தண்ணீரைத்தான் மாடும் குடித்தது, நாமும் குடித்தோம். வாந்திபேதி கீழத் தெருவில் தொடங்கியது.

அன்றைக்குக் காலையில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாசல் தெளித்தோம். நான் ஒரு பாதி, நீ ஒரு பாதி. வெயில் ஏறும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உச்சிக்குள் உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. கண் உள்ளே போய்விட்டது. தண்ணீர் கொடுத்தால் நிற்கவில்லை. உன்னை நிமிர்த்தி உட்கார வைக்கலாம் என்று முதுகுக்குக் கீழே வலது கையைக் கொடுத்தேன். நீ தலையை ஆட்டினாய்.

"அந்தக் கைல தூக்காதயா."

அதுதான் நீ கடைசியாகச் சொன்னது.

யாரும் கிட்ட வரவில்லை. அதற்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாய் விரித்திருந்தது. வெட்டியான் மட்டும் வந்தான். உன்னைப் பாயில் சுருட்டி மூங்கிலில் கட்டினோம். முன்னால் அவன், பின்னால் நான். தரையிலிருந்து தூக்குகிறபோது நீ சொன்னது காதில் கேட்டது. ஆனால் பின்னால் பிடிக்க வேறு ஆள் எங்கே, பூங்காவனம்? விழுந்த நாள் முதல் அந்த வலது கை தூக்கிய முதல் பாரம் நீதான். மணிக்கட்டு தாங்கியது. துளி வலிக்கவில்லை. வலித்திருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

ஆத்தாவை வேண்டாம் என்றாள், ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று ஊர் பேசியது. அந்த வாரம் கீழத் தெருவில் போனவர்கள் எல்லாம் ஆத்தாவுக்கு என்ன செய்தார்கள்? பால் குடிக்கிற பிள்ளை எதை வேண்டாம் என்றது? நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்திருப்பார்கள்.

மறுநாள் விடிந்தது. வாசல் காய்ந்து கிடந்தது. நான் வாளியை எடுத்தேன்.

ஆடி பிறந்ததும் காரியக்காரர் வந்து மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். "வெட்டு, பாப்பம்" என்றார். வெட்டினேன். இறுக்கிப் பிடித்து வெட்டினேன். "சரி, நாளைக்கு வந்துடு" என்றார். நீ காப்பாற்ற நினைத்த வீடு தங்கியது. அதில் நான் ஒருத்தன் தங்கினேன்.

இனி இந்தக் காலத்துச் செய்தி சொல்கிறேன். சீமையில் நடந்த பெரிய சண்டை முடிந்துவிட்டதாம். ஆனால் மண்ணெண்ணெய் இன்னும் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஊர்க் காரியங்களைப் பார்க்கிற மேரி ஆபீசில் இன்னும் பிரெஞ்சுக்காரன் கொடிதான் பறக்கிறது. கோவிந்தன் அதைப் பார்த்து ஏதேதோ பேசுகிறான். வாய்க்காலுக்குக் குறுக்கே கல் பாலம் போட்டாயிற்று. மழை வருகிறதென்றால் என் மணிக்கட்டுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. தெருவில் நெல் காயப் போட்டவர்கள் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள்!

தனபாக்கியமும் கிழவி ஆகிவிட்டாள். புருஷன் போய்விட்டார். போன மழையில் சேற்றில் வழுக்கி, என்னைப் போலவே கையை ஊன்றி விழுந்தாள். கிருமாம்பாக்கத்தில் இரட்டைப் பிள்ளை பெற்ற ஒருத்தியிடம் போய் வழித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வலி தாங்காமல் ஒரு காலையில் நம் வாசலில் வந்து நின்றாள். நான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். முன்னே மாதிரி கேலி செய்யவில்லை. வீங்கிய கையை இன்னொரு கையில் ஏந்திக்கொண்டு, வெகு நேரம் என் கை வீசுவதையே பார்த்தாள்.

"மாமா, அன்னிக்கு ரெட்டப்புள்ளகாரி உனக்கு இன்னா பண்ணா? அத எனக்கு சொல்லேன்."

கையிலிருந்த தண்ணீர் அப்படியே ஒழுகிவிட்டது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் நம் வாசலில் கேட்டது தெரியுமா?

பலகை வைத்துக் கட்டினேன். பாகூருக்குக் கூட்டிப்போனேன். பழைய ஐயா இல்லை. புதிதாக இருக்கிறவர் பார்த்துவிட்டு, நாள் கடந்துவிட்டது, இழுத்து இழுத்து எலும்பு விலகிவிட்டது, முழுசாக வராது என்றார். பலகையை எடுத்த பிறகு தினமும் காலையில் அவள் வாசலில் அவளும் நம் வாசலில் நானும் சாய்வாகக் கை வீசுகிறோம். அவள் விரல் பாதிதான் மடங்குகிறது. புடவை பிழிய முடியவில்லை. நேற்று வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

"அவ அன்னிக்கே சொன்னா. நான் இன்னா பேச்சு பேசிட்டேன் மாமா."

"அதெல்லாம் அவ காதுலயே வாங்கிக்கல. வலிச்சா நிறுத்து" என்று சொன்னேன். பொய்தான். நீ வாங்கிக்கொண்டாய்.

காகிதம் முடியப்போகிறது. கையும் போதும் என்கிறது. பேனாவைப் பிடிக்கும்போது நீ சுற்றிவிடுகிற மாதிரியே மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த மணிக்கட்டு திரும்புகிற வரைக்கும் நம் வாசல் காயாது. வலி வந்தால் நிறுத்துவேன், தாண்டிப் போக மாட்டேன். வீங்கிய கையோடு யார் வந்தாலும், வழிக்கக் கூடாது என்று சொன்னது யார் என்று உன் பெயரோடு சொல்வேன்.

கீழே என் பெயருக்கு முன்னால் இன்னும் இரண்டு பெயர் எழுதியிருக்கிறேன். நாம் வீட்டுக்குள்கூடச் சொல்லாத பெயர்கள். அவற்றை எழுதப் பழகத்தான் இத்தனை நாள் ஆயிற்று. நாளைக்குப் பொழுது சாயும்போது கோவிந்தன் மரத்தடியில் இதைப் படிப்பான். சத்தமாகப் படிப்பான், அவன் குரல் உனக்குத் தெரியாது, நம் வாசல் வரைக்கும் கேட்கும்.

இப்படிக்கு,
முனியன், மாரி இருவருக்கும் அப்பா,
உன் வீட்டுக்காரன்
கண்ணுசாமி